பெட்டி யாருடையது?

'நான்' என்று சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. இதற்கு அகம்பாவம் காரணமல்ல, அடக்கமும் காரணமல்ல, தொழில்தான் காரணம். "இந்தக் கணக்கை இப்போது நாம் போடப் போகிறோம்" என்று இருபது வருஷ காலம் பலகைக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். போடுகிறவர் ஒருவர், கொட்டாவி விடுகிறவர்கள் முப்பது பேர், ஆனாலும் 'நாம்' தான். நாளடைவில் ஒருமை என்பது நாக்கை விட்டே போய்விடுகிறது. கடைக்குப் போனாலும் 'நாம்'. காய்ச்சலில் படுத்தாலும் 'நாம்'.

இந்தப் பழக்கத்தினால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றே நாற்பத்தைந்து வயது வரையில் எண்ணிக் கொண்டிருந்தோம். 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த ஓர் ஊர்ப் பூங்காவில், அது நமக்கு 125 டாலர் அபராத டிக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. டிக்கெட்டில் எழுதியிருந்த குற்றம் என்னவென்றால், பொது இடத்தில் திறந்த பாத்திரத்தில் மது வைத்திருந்தது!

நேயர்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நம் குடும்பத்துக்கும் மதுவுக்கும் நெடுநாளையச் சம்பந்தம் ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது வேறு விதமான சம்பந்தம். நம்முடைய பாட்டனார் சேலம் ஜில்லாவில் ஒரு சிற்றூர்க்காரர். 1932-ல் கள்ளுக்கடை மறியல் செய்து ஆறு மாதம் சிறை சென்றவர். 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய அன்று, கார்த்திகைக்கு இன்னும் நாள் இருந்தும், திண்ணை நிறைய அகல் விளக்கு ஏற்றி வைத்தாராம். அப்பேர்ப்பட்டவருடைய பேரப்பிள்ளையின் பெயர், எண்பத்தைந்து வருஷத்துக்குப் பிற்பாடு, பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மது வைத்திருந்தவர் ஜாபிதாவில் ஏறியது.

நடந்த சம்பவம் இதுதான். கனடாவில் குடியேறிய நம் பக்கத்துக் குடும்பங்கள் பதினைந்து, கோடை வந்ததும் ஒரு நாள் பூங்காவில் வனபோஜனம் வைத்துக் கொள்வது வழக்கம். ஆறு மாதம் பனியில் அடைந்து கிடந்தவர்களுக்கு ஜூலை மாதத்து வெயில் எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். புளியோதரை, தயிர் சாதம், கரி அடுப்பில் வாட்டும் கோழி, குழந்தைகளுக்குச் சாக்கு ஓட்டம், பெரியவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. முழங்கால் வலியை உத்தேசித்து நம்மைப் போட்டியிலிருந்து விலக்கி, ஐஸ் பெட்டிகளுக்குக் காவல் வைத்தார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில், பழரச பாட்டில்களுக்கு அடியில், நம் மைத்துனர் ஆறு பீர் பாட்டில்களைச் செருகி வைத்ததை நாம் பார்த்தோம். பார்த்துவிட்டு, ஏரியைப் பார்த்தோம். நல்ல அழகான ஏரி. அதில் வாத்துகள் நீந்திக் கொண்டிருந்தன. மைத்துனர் நம்மைவிட வயதில் மூத்தவர், மனைவிக்கு அண்ணா, நாம் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு ஐந்து குளிர்ச்சட்டைகளுடன் வந்து நின்ற மனிதர். அவரிடம் மதுவிலக்குப் பிரசங்கம் செய்யும் நாக்கு நமக்கு இல்லை.

சற்று நேரத்தில் சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மிகவும் மரியாதையாக வந்தனம் கூறி, "இந்தப் பெட்டி யாருடையது?" என்று கேட்டார்கள்.

"எங்களுடையது" என்றோம், இங்கிலீஷில்.

பதினைந்து குடும்பங்களின் சார்பாகச் சொன்ன பதில் அது. அவர் கேட்டுக் கொண்டது ஒருவருடைய வாக்குமூலமாக. பெட்டியைத் திறந்து பார்த்தார். பாட்டில்கள் மூடியபடியே இருந்ததால் அவற்றைக் காருக்குள் கொண்டு வைக்கும்படி சொன்னார். பிறகு நம் நாற்காலிக் காலுக்கு அருகில் புல்லில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து முகர்ந்தார். பாதிக் கோப்பை பீர்! அதைப் புல்லில் கவிழ்த்துவிட்டு டிக்கெட் எழுதத் தொடங்கினார்.

கோப்பையை நாம் பார்க்கவேயில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு கோப்பை இருக்கிறது என்று தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. யாருடையது என்பது மட்டும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஏனெனில் நாற்பது கஜ தூரத்தில் மைத்துனர் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்று, நம்மையே பார்த்துக் கொண்டிருந்தார். போட்டிக்குக் கூப்பிட்ட அவசரத்தில் கோப்பையை வைத்துவிட்டு ஓடியவர் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு மைத்துனர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு கவரை மேஜை மேல் வைத்தார். உள்ளே 125 டாலர் எண்ணி வைத்திருந்தது.

"கட்டிவிடுங்கள், மாப்பிள்ளை. சின்ன விஷயம். இதோடு போகட்டும்" என்றார்.

"அதுதான் சரி" என்றாள் வீட்டு எஜமானி. "நூற்றிருபத்தைந்து டாலருக்காக அண்ணாவைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டுமா?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் மட்டும், "அப்பா, நீங்கள் குடித்தீர்களா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றோம்.

"பின்னே ஏன் பணம் கட்டுகிறீர்கள்?"

இந்தக் கேள்விக்கு மேஜை மேலிருந்த கவரில் பதில் இல்லை. மறு சனிக்கிழமை நாம் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஒரு தகப்பனார், "என்ன வாத்தியார் சார், பூங்காவில் பெரிய விருந்தாமே?" என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்கும் பதில் இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். பதினைந்து நாட்களுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பணத்தைக் கட்டிவிடலாம், சர்க்கார் தரப்பு வக்கீலைச் சந்தித்துப் பேசலாம், அல்லது விசாரணை வேண்டுமென்று கேட்கலாம். பணத்தைக் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாக அர்த்தம். இது மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் சிறு குற்றம். கிரிமினல் குற்றம் அல்ல. வேலைக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் 'குற்றவாளி' என்ற சொல் சொல்தானே?

இங்கேதான் பாட்டனார் குறுக்கே வந்து நின்றார். 1932-ல் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவர் வழக்காடவில்லை. "ஆம், மறியல் செய்தேன். மறுபடியும் செய்வேன்" என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அபராதம் கட்டவும் மறுத்தார். அந்தக் காலத்துச் சத்தியாக்கிரகிகள் எல்லாருக்கும் அதுவே நெறி. அவருடைய வம்சத்தில் பிறந்துவிட்டு, பாதிக் கோப்பை பீருக்காகச் சட்ட நுணுக்கம் பேசிக் கொண்டு கோர்ட்டுப் படி ஏறுவதா?

இரண்டு இரவு யோசித்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒன்று புலப்பட்டது. பாட்டனார் தாம் செய்ததை ஒப்புக்கொண்டார். செய்ததை ஒப்புக்கொள்வது சத்தியம். செய்யாததை ஒப்புக்கொள்வது வெறும் சௌகரியம். கவரை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசாரணை வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டோம். மைத்துனர் ஒன்றும் பேசாமல் கவரை வாங்கிக் கொண்டார். அதன் பிறகு அந்த வருஷத் தீபாவளிக்கு அவர் நம் வீட்டுக்கு வரவில்லை; நம்மையும் கூப்பிடவில்லை. வீட்டு எஜமானி அதிரசம் சுடவில்லை.

இதற்கிடையில் உபாத்தியாயருக்கு உரிய காரியத்தை நாம் செய்தோம். பொது நூல்நிலையத்துக்குப் போய்ப் படித்தோம். அப்போது அமலில் இருந்த ஒன்டாரியோ மது லைசென்ஸ் சட்டம், வீடு, லைசென்ஸ் பெற்ற இடம், தனிப்பட்ட இடம் இவற்றைத் தவிர வேறு எங்கும் மது 'வைத்திருப்பதும் அருந்துவதும்' கூடாது என்றது. குடிக்க வேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும். ஆனால் மூடிய பாத்திரத்தில் இருக்கும் மதுவுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே ஆறு பாட்டில்களும் நிரபராதிகள். பாதிக் கோப்பை ஒன்றே வழக்கு.

இன்னொரு வேடிக்கையும் தெரிய வந்தது. மதுவிலக்கு ஏதோ நம் சேலத்துக்கே உரிய பெருமை என்று நினைத்திருந்தோம். ஒன்டாரியோ மாகாணமே 1916 முதல் 1927 வரையில் மதுவிலக்கு மாகாணமாக இருந்ததாம்! விலக்கை எடுத்த 1927-ல்தான் சர்க்காரே மது விற்கும் மன்றத்தை ஏற்படுத்தினார்கள். நம் பாட்டனார் மறியல் செய்வதற்கு ஐந்து வருஷம் முந்தி, இவர்கள் கடையைத் திறந்து விட்டார்கள்.

மிகவும் உறுத்தியது மூன்றாவது சங்கதி. 1978-ல் கனடா சுப்ரீம் கோர்ட்டார், ஸூ செயின்ட் மேரி என்னும் ஒன்டாரியோ நகரத்தின் வழக்கில் ஒரு பிரசித்தமான தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். குப்பையினால் ஓடையும் ஆறும் கெட்டுப் போன வழக்கு அது. பொது நன்மைக்காக ஏற்பட்ட இத்தகைய சட்டங்களில், காரியம் நடந்தது என்று சர்க்கார் ருசுப்படுத்தினால் போதும். ஆனால் தாம் நியாயமான ஜாக்கிரதையுடன் நடந்து கொண்டதாகப் பிரதிவாதி காட்டினால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதைப் படித்ததும் சந்தோஷம் உண்டாகியிருக்க வேண்டும். உண்டாகவில்லை. நியாயமான ஜாக்கிரதை! பாட்டில்களைப் பார்த்துவிட்டு வாத்துகளைப் பார்த்தோமே, அதற்கு என்ன பெயர்?

விசாரணைக்கு முன்னால் சர்க்கார் தரப்பு வக்கீல் நம்மைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதாகக் கூறினார். பாதிக் கோப்பைக்குப் பாதி அபராதம். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. போலீஸ்காரரின் குறிப்பேட்டுப் பிரதியைக் கேட்டோம், கொடுத்தார்கள். அதில் நம் வாக்குமூலம் ஒரே வரியில் இருந்தது. 'பெட்டி எங்களுடையது என்றார்.' கோப்பையைப் பற்றி நம்மை ஏதும் கேட்டதாக அதில் இல்லை. கேட்கவும் இல்லை.

1918-ல் அல்ல, 2018-ம் வருஷம் ஏப்ரலில் வழக்கு விசாரணைக்கு வந்தது என்று நமக்கே நினைவுபடுத்திக் கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட குளிர்காலம் அது! இந்தச் சிறு வழக்குகளைச் சமாதான நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். ஜூரி கிடையாது. நம்முடைய நீதிபதி மூக்குக் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். அன்றைய ஜாபிதாவில் நாற்பது வழக்குகள். பெரும்பாலும் வேகமாகக் கார் ஓட்டியவர்கள்.

நாம் பிரதிவாதி இடத்தில் போய் நின்று தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, கடைசிப் பெஞ்சியில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. நாமும் அவரைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை.

போலீஸ்காரர் குறிப்பேட்டைப் பார்த்து நடந்ததை நடந்தபடியே கூறினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு நம் முறை வந்தது.

"பெட்டி உங்களுடையது என்று சொன்னீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"'எங்களுடையது' என்று சொன்னோம், அம்மணி" என்றோம்.

"இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா?"

இருபது வருஷ உபாத்தியாயரிடம் கேட்கக் கூடாத கேள்வி! எங்கள் பாஷையில் தன்மைப் பன்மை இரண்டு உண்டு என்று தொடங்கினோம். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. கேட்கிறவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். நாங்கள் சொன்னது பதினைந்து குடும்பங்களைக் குறிக்கும் 'எங்களுடையது'. இதையே தமிழில் 'நம்முடையது' என்று சொல்லியிருந்தால் போலீஸ்காரரும் பெட்டிக்குப் பங்காளி ஆகியிருப்பார்.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. போலீஸ்காரரும் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்தார். "பெட்டியில் மது இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. 'தெரியாது' என்ற ஒரு சொல் போதும். பார்த்தவர் யாரும் இல்லை, வாத்துகளைத் தவிர.

"தெரியும்" என்றோம். "மூடிய பாட்டில்கள். வைத்ததைப் பார்த்தோம். வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை."

"கோப்பையில் மது இருப்பது தெரியுமா?"

"தெரியாது. கோப்பை அங்கே இருந்தது தெரியும். நாம் அதைத் தொடவில்லை. நமக்குக் குடிக்கும் பழக்கம் இல்லை. அது நம்முடையதல்ல."

அடுத்த கேள்வி என்ன என்பது கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும். பின்னால் கடைசிப் பெஞ்சி கிறீச்சிட்டது. வக்கீல் வாயைத் திறந்தார். கையிலிருந்த ஜாபிதாவைப் பார்த்தார். இன்னும் முப்பது வழக்குகள் பாக்கி. "கேள்வி வேறு இல்லை" என்று உட்கார்ந்து விட்டார்.

கோப்பை பிரதிவாதியின் வசத்தில் இருந்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவாகவில்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். மொத்தம் பதினாறு நிமிஷம். வழக்குத் தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் மைத்துனர் நின்றிருந்தார். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். ஒரு நாள் கூலி அபராதத்தைவிட அதிகம்.

"கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பேன், மாப்பிள்ளை" என்றார்.

"பெஞ்சி கிறீச்சிட்டது காதில் விழுந்தது, மச்சான்" என்றோம்.

அந்தத் தீர்ப்பைவிட அந்தக் கிறீச்சு நமக்குப் பெரிதாக இருந்தது. 'எங்களுடையது' என்று புளியோதரைக்கும் கோழிக்கும் சொல்ல ஐம்பது பேர் இருந்தார்கள். டிக்கெட் எழுதும்போது பெயர் ஒன்றுதான் கேட்டார்கள். பொதுச் சொத்துக்கும் பொதுச் சந்தோஷத்துக்கும் பன்மை போதும். பொறுப்பு என்று வந்தால் யாராவது ஒருவர் ஒருமையில் பேசியாக வேண்டியிருக்கிறது. மைத்துனர் பூங்காவில் பேசவில்லை. நாமும் அவர் பாட்டிலைச் செருகியபோது பேசவில்லை. கோர்ட்டு மன்னித்தது கோப்பையைத்தான். அந்த மௌனத்துக்கு அங்கே வழக்கே இல்லை.

இதெல்லாம் இப்போது பழங்கதை. அந்தச் சட்டமே 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தோடு மாறி, வேறு சட்டம் வந்துவிட்டது. டொராண்டோ நகரசபையார் 2023-ம் வருஷக் கோடையில் 27 பூங்காக்களில் மது அருந்தலாம் என்று பரீட்சார்த்தமாக அனுமதித்து, 2024-ல் அந்த ஏற்பாட்டை நிலையாக்கி விட்டார்கள். ஓர் ஊர்ப் பூங்காவில் நேற்றுக் குற்றமாக இருந்தது இன்னோர் ஊர்ப் பூங்காவில் இன்று பொழுதுபோக்கு. பாட்டனார் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் நம் வழக்கின் சாரம் சட்டத்தோடு மாறிவிடவில்லை.

வழக்கு முடிந்த வருஷத்து வனபோஜனத்தைச் சொல்லாமல் முடித்தால் கதை பூர்த்தியாகாது. அதே பூங்கா, அதே ஏரி, வாத்துகளும் அதே வாத்துகள்தான் என்று நினைக்கிறோம். மைத்துனர் ஒரு பெரிய ஐஸ் பெட்டியைத் தாமே தூக்கிக் கொண்டு வந்து நம் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து கொண்டார். கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். வேறு ஆட்கள், ஆனால் கேள்வி அதுவே.

"இந்தப் பெட்டி யாருடையது?"

நாம் வாயைத் திறப்பதற்குள் மைத்துனர் எழுந்து நின்று, பூங்கா முழுவதும் கேட்கும்படி, "என்னுடையது!" என்றார்.

போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே, கழுத்து வரை ஐஸில் புதைந்து, இருபது பாட்டில் நீர்மோர் இருந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.